புதுப்பிப்பு: கஞ்சிக்கோட்டில் அந்தப் பழைய வீட்டை வாங்கிவிட்டோம்

பாலக்காடு கஞ்சிக்கோட்டில் விலை மலிவாக வந்த பழைய ஓட்டு வீட்டை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, வாங்கிவிட்டோம்.

பத்திரச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதோடு முடியாது, அப்புறம் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (அதாவது பெயர் மாற்றம்) செய்து, நம் பெயரில் நிலவரி ரசீது கைக்கு வந்தால்தான் நிம்மதி.

வாங்கும் முன் பார்த்ததிலிருந்து தெரு மாறவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரும்பு உருக்கும் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் திண்ணையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கருந்தூசி. வீசிங் உள்ள குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஆனால் அக்கம்பக்கம் தங்கம். கிணறு வற்றியபோது எதிர்வீட்டு அக்கா, நாங்கள் கேட்காமலே தன் மோட்டாரிலிருந்து ஹோஸ் குழாயை இழுத்துப் போட்டார். பூட்டிய வீடுகளில் ஒன்றை ஆலைத் தொழிலாளி குடும்பம் வந்து பார்த்துப் போயிருக்கிறது. அவர்கள் குடிவந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.