எங்கள் லயத்துக் குடும்பம்: ஒளிப்பதிவுக்கு விமர்சகர்கள் தரும் விருது

செல்வி, மாலை 6.42
மாமா, திரைப்பட விமர்சகர்கள் ஒளிப்பதிவுக்குத் தனியாக விருது கொடுக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒஸ்காருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நாளைக்குக் கட்டுரை ஒப்படைக்க வேண்டும்.

மாமா (ஹட்டன்), 6.55
செல்வி, ஒஸ்காரில் ஒளிப்பதிவாளர்கள் பரிந்துரைக்க, இறுதி வாக்கை எல்லாத் துறை உறுப்பினர்களும் போடுகிறார்கள். விமர்சகர் வட்டத்திலோ, அதாவது ஒரு நகரத்து விமர்சகர்களின் சங்கத்திலோ, படம் பார்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். 2011இல் ‘தி ட்ரீ ஒஃப் லைஃப்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் இம்மானுவல் லுபெஸ்கியை நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் இருசாராரும் தெரிவு செய்தார்கள். ஒளிப்பதிவுக்கான ஒஸ்கார் ‘ஹ்யூகோ’ படத்துக்குப் போனது. எனக்கு விமர்சகர்களின் தெரிவுதான் சரியென்று படுகிறது.

சித்தி, 7.03
அண்ணன், கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அப்பா பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவாரே, கித்துல்கலவில் பாலம் கட்டி எடுத்த அந்தப் படத்துக்கும் இவர்கள் விருது கொடுத்தார்களா?

மாமா, 7.16
கொடுத்தார்கள் தங்கச்சி. 1957இல் நியூயோர்க் வட்டம் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தைச் சிறந்த படமாகவும், டேவிட் லீனைச் சிறந்த இயக்குநராகவும், அலெக் கின்னஸைச் சிறந்த நடிகராகவும் தெரிவு செய்தது. ஆனால் நம் களனி கங்கையின் வெயிலையும் காட்டையும் படம்பிடித்த ஜெக் ஹில்டியார்டுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அவரைக் கௌரவித்தது ஒஸ்கார்தான். 1935இல் தொடங்கிய அந்த வட்டம் ஒளிப்பதிவுக்கென்று விருதை ஏற்படுத்தியது 1980இல்தான். பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் பார்க்க வைத்தவரை இத்தனை காலம் மறந்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் 1975இலேயே ‘பெரி லிண்டன்’ படத்துக்காக ஜோன் அல்கொட்டுக்கு ஒளிப்பதிவு விருதைக் கொடுத்துவிட்டார்கள். நாசாவுக்காக உருவாக்கப்பட்ட கமரா வில்லையைப் பொருத்தி, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுத்தார்கள். அந்த வில்லையில் படம் கூர்மையாக விழும் தூரம் மிகக் குறுகியது என்பதால், நடிகர் சற்று முன்னே சாய்ந்தாலும் முகம் கலங்கிவிடும்.

செல்வி, 7.24
கரண்ட் போன இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நான் எடுத்த அம்மாயியின் படமும் அப்படித்தான் கலங்கிவிட்டது, மாமா.

மாமா, 7.29
விளக்கை அம்மாவின் கன்னத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வை. போனைக் கையில் பிடிக்காமல் அரிசி டின்னின் மேல் சாய்த்துவிட்டு, மூச்சு விடும் நேரம் அசையாமல் இருக்கச் சொல். பனி மூடிய தேயிலை மலையை யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். விமர்சகர்கள் தேட வேண்டியது அந்த அழகை அல்ல, வெளிச்சம் எந்த மனிதரின் கதையைச் சொல்கிறது என்பதை. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா ‘மூன்றாம் பிறை’யில் ஊட்டி மலையை எடுத்த விதத்தை உன் கட்டுரையில் கட்டாயம் சேர்த்துக்கொள். அந்த ஒளிப்பதிவுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது.

செல்வி, 8.11
இதோ எடுத்துவிட்டேன். அம்மாயியின் மூக்குத்தியும் கொழுந்துக் கறை படிந்த விரல்களும் தெரிகின்றன. பின்னால் சுவர் முழுவதும் இருட்டு.

சித்தி, 8.13
அம்மாவின் கண்ணில் விளக்குச் சுடர்கூடத் தெரிகிறது, அண்ணன்.