வடக்கு எந்தப் பக்கம்? வகுப்பறை அனுபவங்கள்

டெல்டா டீச்சர்:

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு கற்றல் விளைவு உண்டு. அளவை (தரையின் தூரம் தாளில் எவ்வளவாகச் சுருங்குகிறது என்பது), திசை, முறைக்குறியீடுகளோடு தான் வாழும் பகுதியின் வரைபடத்தை மாணவர் வரைய வேண்டும். 2017ல் என்.சி.இ.ஆர்.டி. (பள்ளிப் பாடத்திட்டங்களை வகுக்கும் தேசியக் குழு) வெளியிட்ட பட்டியலில் இருப்பது. பாடக்குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிற ஒன்றுதான், நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன்.

போன வருஷம் உண்மையாகவே வரைய வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன். முதல் கேள்வி, "வடக்கு எந்தப் பக்கம்?" முக்கால்வாசிப் பிள்ளைகள் விட்டத்தைக் காட்டினார்கள். சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது! சிரிப்பை அடக்கிக்கொண்டு திசைகளை மறுபடி நடத்தினேன்.

அன்று சாயந்திரம் மணி அடித்த பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு குரல்: "டேய், உன் வண்டியைக் கொஞ்சம் வடக்கால நகத்துடா." திரும்பிப் பார்த்தால், காலையில் விட்டத்தைக் காட்டியவர்களில் ஒருவன். வண்டி நகர்ந்ததும் சரியான வடக்குப் பக்கம்தான். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் "கிழக்கால உக்காரு", "தெக்கால போய்த் திரும்பு" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வகுப்புக்குள் வந்ததும் அந்தத் திசை வேறு, இந்தத் திசை வேறு என்று ஆகிவிடுகிறது.

மறுநாள் அதே பையன் தன் தெருவை வரைந்து வந்தான். தாளின் மேல் ஓரத்தில் மேலத்தெரு, கீழ் ஓரத்தில் கீழத்தெரு. மேலத்தெரு மேற்கில்தானே இருக்கிறது, இவன் வடக்கில் போட்டிருக்கிறானே என்று சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அவன் மேல் என்றால் மேல் என்றுதான் போட்டிருக்கிறான். தமிழில் மேற்கு என்பதே மேல்தான், கிழக்கு என்பது கீழ். தலைக்காவிரியில் பிறக்கிற தண்ணீர் மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என்று இறங்கி இறங்கி எங்கள் பக்கம் வந்து பூம்புகாரில் கடலில் விழுகிறது. மேடு மேற்கே, பள்ளம் கிழக்கே. மதுரையில் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்பதும் இதே கணக்குத்தான். அவன் வரைபடத்தில் வீதிகள், கோயில், குளம், ரேஷன் கடை எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாகவே இருந்தன. மேற்கு தலைப்பக்கம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் சுவர் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்தேன். அதன் வடக்கை உண்மையான வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்தோம். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு பெண் ஜன்னலைக் காட்டி, "அப்போ சென்னை இந்தப் பக்கமா டீச்சர்?" என்றாள். ஆமாம், அந்தப் பக்கம்தான்.

உங்கள் வகுப்பில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

நாஞ்சில் வாத்தியார்:

டீச்சர், உங்கள் மேடு பள்ளக் கணக்கு எங்கள் குமரி மாவட்டத்துக்கு வந்தால் கவிழ்ந்துவிடும். குளச்சல் பக்கம் நின்றால் கடல் மேற்கிலும் தெற்கிலும், மலை அதற்கு எதிர்ப்பக்கம். "மலை கிழக்கால நிக்குது, அதைப் போய் ஏன் சார் கீழ்னு சொல்லணும்?" என்று ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அவள் வீட்டில் மலையாளமும் பேசுவார்கள். மலையாளத்தில் மேற்கை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "படிஞ்ஞாறு." அதாவது ஞாயிறு படிகிற பக்கம். அங்கே மேற்கில் கடல், மேடு இல்லை. ஆனால் கிழக்குக்கு மட்டும் அவர்களிடமும் கிழக்குதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலம் எப்படிச் சரிகிறது என்று அன்றைக்கு நடத்திய பாடத்துக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. என்ன, பாடக்குறிப்பில் அன்றைய தலைப்பு பாறைகளின் வகைகள்!

பத்தாம் வகுப்புக்காரன்:

என் அனுபவம் கொஞ்சம் கசப்பு. பொதுத்தேர்வில் வரைபடக் கேள்வி உறுதி என்பதால் டிசம்பரிலிருந்தே பயிற்சி. பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்றால், நர்மதை இந்தக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே, கோதாவரி அந்த முனையிலிருந்து இத்தனை தூரம் என்று கைக்கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். ஒருநாள் ஒரு மாணவி காவிரியைக் கடலில் தொடங்கி மலையில் முடித்தாள். பென்சில் போகிற திசையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். முடிந்த கோட்டில் அது தெரியாதே, முழு மதிப்பெண்.

இன்னொருவன் நைலைப் பார்த்துவிட்டு, "இது எப்படி சார் மேல ஏறுது?" என்றான். தெற்கிலிருந்து வடக்கே ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிற ஆறு, அவனுக்குத் தாளில் மேலே ஏறுகிற ஆறு. மைதானத்தில் ஈர மண்ணைக் குவித்து, மேடான பக்கத்துக்குத் தெற்கு என்று பெயர் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. பத்தாம் வகுப்பில் அந்த ஐந்து நிமிஷத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் நடந்திருக்க வேண்டியது இது.

கடலோரப் பள்ளி:

நாகை மாவட்டத்தில் வேலை பார்த்தேன். பருவக்காற்று நடத்தும்போது "வடகிழக்குப் பருவக்காற்று எந்த மாதங்களில் வீசும்?" என்று கேட்டால் வகுப்பே மௌனம். கடைசி பெஞ்சில் ஒருவன், அவன் அப்பா கடலுக்குப் போகிறவர், தயங்கித் தயங்கி, "வாடையையா டீச்சர் கேக்குறீங்க?" என்றான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான். எது அடித்தால் வள்ளம் இறக்க மாட்டார்கள் என்பது வரை சொன்னான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று புத்தகத்தில் இருப்பதை அவன் ஐப்பசி, கார்த்திகை என்று வைத்திருந்தான். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன், இடது பக்கம் புத்தகச் சொல், வலது பக்கம் அவன் சொல். வலது பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது.

புதுசா சேர்ந்தவர்:

திசையை எப்படிக் கண்டுபிடிக்க வைக்கிறீர்கள்? நான் செல்போன் திசைகாட்டியை வைத்தேன், இரும்பு பெஞ்சின் மேல் வைத்ததும் முள் எங்கெங்கோ போனது. அளவை விஷயமும் புரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் "அளவைக்கு உட்பட்டதல்ல" என்று எழுதித் தப்பித்துவிடுகிறார்கள்.

பரங்கிமலை தாத்தா (ஓய்வு):

போனை வையுங்கள் தம்பி, ஒரு குச்சி போதும். சமதரையில் நேராக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம். முற்பகலில் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. சாப்பாட்டு மணிக்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு காவல் போட்டால் போதும், பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அளவைக்கு முதலில் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். ஒரே தெரு ஒருவனுக்கு 210 அடி வைப்பு, இன்னொருத்திக்கு 260 வரும். சண்டை வரும், வரட்டும். அப்புறம் 5 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கொடுங்கள். 1 செ.மீ.க்கு 20 மீட்டர் என்று வைத்தால் 140 மீட்டர் தெரு தாளில் 7 செ.மீ. நோட்டில் அடங்கிவிடும்.

நான் ஒருமுறை பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு நடத்திக் கூட்டிப் போனேன். 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அதன் அருகில்தான் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாக இமயமலை வரை இந்தியாவை அளந்தார்கள். "சங்கிலி வெயில்ல நீளாதா தாத்தா?" என்று ஒரு வாண்டு கேட்டான். நீளும், அதனால் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொண்டார்கள் என்றேன். அவன் என் கயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தான்.

டெல்டா டீச்சர்:

குச்சியும் கயிறும் இந்த வாரமே செய்து பார்த்துவிட்டோம், நன்றி ஐயா. நடுவில் பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் தரையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்து, "மிதிச்சிட மாட்டாங்களா? சுவர்ல மாட்டுங்க" என்றார். எந்தக் கற்றல் விளைவுக்காக என்று குறிப்பேட்டில் காட்டியதும் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் மறுபடி விரித்துவிட்டோம்.

அந்தப் பையனிடம் சிவப்பு மை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். புதிதாக வரைந்து தருகிறாயா என்றேன். "எதுக்கு டீச்சர்?" என்று பழைய தாளையே எடுத்து, வலது ஓரத்தைப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு, நுனியில் 'வ' என்று எழுதி நீட்டினான். மேலத்தெரு மேலேயே இருக்கிறது.