குடல்வால் ஆபரேஷன்: காலையில் போய் ராத்திரியே வீடு திரும்பியவர்கள் உண்டா?

கோவைக்காரி:
என் தம்பிக்குப் போன மாதம் நடந்தது. முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலி. விடிவதற்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது, இருமினாலே துடித்தான். டாக்டர் அந்த இடத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது பல்லைக் கடித்தவன், எடுத்தபோதுதான் கத்தினான். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை. மதியத்துக்குள் லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகக் கருவி விட்டுச் செய்கிற ஆபரேஷன், முடிந்தது. தொப்புளில் ஒன்று, கீழே இரண்டு, மூன்றே துளை.

குடித்த கஞ்சி வாந்தி வராமல் தங்குகிறதா, எழுந்து நடந்து போய்ச் சிறுநீர் கழித்தானா, மாத்திரையிலேயே வலி அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாயங்காலம் அனுப்பினார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தோள்பட்டை வலி. ராத்திரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார, நெஞ்சு வலியோ என்று அம்மா அரண்டுபோனார். போன் போட்டுக் கேட்டோம். கருவிகளுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி உப்ப வைக்கிறார்கள். மிச்சம் நிற்கும் வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். நடக்க நடக்கச் சரியாகிவிட்டது.

பழைய தழும்பு:
கொடுத்து வைத்தவர். எனக்கு 1994-இல் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ‘காத்துப் பிரிஞ்சுதா?’ என்று நர்ஸ் வந்து வந்து கேட்பார். பிரிகிற வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. ஜெர்மனியில் குர்ட் செம் என்ற பெண்கள் நல மருத்துவர் 1980-லேயே துளை வழியாகக் குடல்வாலை எடுத்துவிட்டார், அதற்காக அறுவை மருத்துவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று பிறகு படித்தேன். என் வயிறு வரைக்கும் அது வந்து சேரவில்லை!

திருச்சி அப்பா:
எல்லாருக்கும் அன்றைக்கே வீடு கிடைக்காது. என் மகளுக்கு உள்ளேயே வெடித்துச் சீழ் பரவியிருந்தது. துளை போட்டுத்தான் செய்தார்கள், ஆனாலும் சீழ் வடியக் குழாய், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் என்று கிட்டத்தட்ட ஒரு வாரம் தங்கினோம். அப்புறம், 24 மணி நேரம் படுக்காவிட்டால் இன்சூரன்ஸ் வராது என்று பக்கத்துக் கட்டில்காரர் பயமுறுத்துவார். பாலிசியில் அன்றைக்கே வீடு திரும்புகிற சிகிச்சைக்கு ‘டே கேர்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், அட்மிஷன் போடும்போதே இது அதில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

கோவைக்காரி:
நன்றிங்க. காய்ச்சல் அடித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள், நல்லவேளை எதுவும் இல்லை. இப்போது பைக் எடுக்கிறேன் என்று நிற்கிறான். விடலாமா?

பழைய தழும்பு:
செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும். சட்டென்று பிரேக் மிதித்தால் வயிறு இழுக்கக் கூடாது, அதுதான் கணக்கு. கேஸ் சிலிண்டரை மட்டும் இப்போதைக்கு அவனைத் தூக்க விடாதீர்கள்.