பன்னிரண்டு முட்டை, மூன்று குஞ்சு: குற்றம் இன்குபேட்டரிலா, என்னிடமா?

நிபோங் தெபால் அப்பா:
பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு சிறிய இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) வாங்கினேன். முட்டையைத் தானே திருப்பிவிடும் ரகம். கம்பத்து (கிராமத்து) நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டு வைத்தேன். வெப்பம் 37.5 டிகிரியை விட்டு இம்மியும் நகரவில்லை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது பதினொன்றில் சிலந்திக்கால்போல இரத்த நாளங்கள். ஒன்று மட்டும் கூமுட்டை. 21ஆம் நாள் வெளியே வந்தவை மூன்றே. நான்கு குஞ்சுகள் ஓட்டில் துளை போட்டதோடு நின்றுவிட்டன. உரித்துப் பார்த்தேன்: உள்சவ்வு காய்ந்த காகிதம்போல இறக்கையோடு ஒட்டிக்கிடந்தது. சின்னவள் அன்று சாப்பிடவே இல்லை. 'மலேசியாவின் ஈரக்காற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், ஊற்றவில்லை. பெட்டி மட்டமானதா?

பழைய லயம்:
என் பாட்டி எந்தக் காணொளியும் பார்த்ததில்லை. தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்னால் ஓட்டைக் கூடையில் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பி, பதினொன்றோ பதின்மூன்றோ, ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்பார். இடி இடித்தால் கரு கலங்கும் என்று தேய்ந்துபோன ரப்பர் பால்வெட்டுக் கத்தி ஒன்றை ஓரத்தில் செருகுவார். மீதியைக் கோழி பார்த்துக்கொண்டது. பதின்மூன்றுக்குப் பதினொன்று தப்பாது. பெட்டியை விற்றுவிட்டு அடைக்கோழி ஒன்றைத் தேடுங்கள்.

பிறை தராசு:
பாட்டியின் கணக்கில் கூமுட்டைகளைச் சேர்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அது இருக்கட்டும். நிபோங் தெபால் ஐயா, பெட்டியை எந்த அறையில் வைத்தீர்கள்?

நிபோங் தெபால் அப்பா:
படுக்கையறையில். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும்.

பிறை தராசு:
அகப்பட்டது. காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும். நம் சமையலறைக் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருந்தால், பெட்டிக்குள் 37.5க்கு ஏறும்போது ஏறக்குறைய 53 சதவீதம் ஆகும். கோழி முட்டைக்கு முதல் 18 நாள் அது போதும். குளிர்சாதன அறையில் 24 டிகிரி, 55 சதவீதம் என்று வையுங்கள். பெட்டிக்குள் 25தான் மிஞ்சும். காணொளிக்காரர் சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. கடைசி மூன்று நாள் எந்த அறையானாலும் 65 முதல் 70 சதவீத ஈரம் வேண்டும், திருப்புவதை நிறுத்த வேண்டும், மூடியைத் திறக்கவே கூடாது.

நான் இதற்கு நேர்மாறாகக் கெடுத்தவன். சமையலறையில் வைத்து பெட்டியின் இரண்டு தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பினேன். முட்டையின் மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெருகவில்லை; வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே மூச்சடைத்துப் போயின. அதன்பிறகு மாவு நிறுக்கும் தராசைத்தான் நம்புகிறேன். வைத்த அன்று 60 கிராம் இருந்த முட்டை, உள்ளிருக்கும் ஈரம் வற்றி, 18ஆம் நாள் 53க்கு அருகில் வர வேண்டும். 9ஆம் நாளே 56, 57 இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே நின்றால் தண்ணீரைக் குறையுங்கள், கீழே போனால் கூட்டுங்கள். மூடியை எத்தனை முறை திறந்தீர்கள்?

நிபோங் தெபால் அப்பா:
ஒருமுறைதான். சரி, பிள்ளைகள் கேட்டபோதெல்லாம்.

பழைய லயம்:
கோழி தராசு வாங்கவில்லை. வாத்து முட்டையையும் அதே கோழிதான் அடைகாத்தது. 28 நாள் ஆகும். கோழிக்கு நாள் எண்ணத் தெரியாது, குஞ்சு கத்தும்வரை உட்கார்ந்திருக்கும்.

பிறை தராசு:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கேட்கும் நாளில் கோழி அடைக்கு உட்காருமா? முட்டைக்கென்றே வளர்க்கும் வாத்துகள் பெரும்பாலும் உட்காருவதில்லை. செராத்தி (மஸ்கோவி) வாத்து உட்காரும், அதற்கு 35 நாள். பெட்டியில் இரண்டையும் வைப்பதானால் சாதாரண வாத்து முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையை வையுங்கள். ஒரே நாளில் பொரிக்கும்.

ஜெலுத்தோங் அக்கா:
21ஆம் நாள்வரை எல்லாருக்கும் கணக்குத் தெரிகிறது. 22ஆம் நாளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டார் குளியலறையில் ஆறு வாத்துக்குஞ்சு வளர்த்தார்கள். வாத்து தீவனத்தை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடும். கிண்ணம் பத்து நிமிடத்தில் கஞ்சியாகிவிடும், அதைத் தரையெல்லாம் உதறும். இரண்டே வாரத்தில் நாற்றம் மின்தூக்கிவரை வந்தது. தாய் இல்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பசை போதாது என்று தெரியாமல் ஒன்றை வாளி நீரில் நீந்த விட்டார்கள். நனைந்து, குளிரில் விறைத்துச் செத்தது. கோழிக்கு வருவோம். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவல். நான்கைந்து மாதத்தில் விடியற்காலை கூவும். பக்கத்து வீட்டார் நகராண்மைக் கழகத்துக்கு எழுதினால் என்ன செய்வீர்கள்?

பழைய லயம்:
சேவல் எதற்கு இருக்கிறது? குழம்புக்கு.

ஜெலுத்தோங் அக்கா:
பெயர் வைத்து வளர்த்த பிள்ளையிடம் அதை நீங்களே சொல்லுங்கள்.

நிபோங் தெபால் அப்பா:
பெயர் வைத்தாயிற்று. மூன்றுக்கும். இன்று இரவு பெட்டியைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு எட்டு முட்டை வைக்கிறேன். வாத்து வேண்டாம், அக்கா சொன்னது போதும். சேவல்களைக் கம்பத்தில் இருக்கும் மாமாவிடம் கொடுத்துவிடுவேன், அங்கே இடம் இருக்கிறது.

ஜெலுத்தோங் அக்கா:
மாமாவிடம் கேட்டீர்களா?

நிபோங் தெபால் அப்பா:
இன்னும் கேட்கவில்லை.