எக்ரெஸ்: "வெளியேற்றம்" வேண்டாம், "வெளிப்போக்கு" பாருங்களேன்

எல்லாருக்கும் வணக்கம்,

கம்ப்யூட்டர் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுற இந்த இழையை மூணு நாளா படிச்சுட்டு வரேன். எக்ரெஸ், அதாவது ஒரு நெட்வொர்க்கை விட்டு டேட்டா வெளிய போறது, அதுக்கு "தரவு வெளியேற்றம்"னு கிட்டத்தட்ட முடிவாகப் போற மாதிரி தெரியுது, அதான் ராத்திரியோட ராத்திரியா உக்காந்து எழுதுறேன், தயவுசெஞ்சு இன்னும் ரெண்டு நாள் பொறுங்க.

இந்தச் சொல் எனக்கு ஏன் முக்கியம்னு முதல்ல சொல்லிடுறேன். கிண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனிக்கு சர்வர் வேலை பாக்குறேன், அவங்க பேக்கப் எல்லாம் கிளவுட்லதான், அதாவது இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுத்த சர்வர்ல. போன வருஷம் அது ஒழுங்கா திரும்பி வருதான்னு சோதிக்க நாலு டெராபைட் டேட்டாவை அப்படியே ஆஃபீஸ் சர்வருக்கு இறக்கினோம், எல்லாம் வந்துடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மாசக் கடைசியில பில் பாத்தா வழக்கத்தைவிட நானூறு டாலர் கிட்ட கூட. அக்கவுண்ட்ஸ் பாக்குற அம்மா பில்லை பிரிண்ட் எடுத்து, ஒரே ஒரு வரிக்குக் கீழ பென்சில்ல ரெண்டு கோடு இழுத்து, கொண்டுவந்து என் மேசையில வச்சாங்க. "சார், நம்ம பொருளை நாம எடுத்ததுக்கு எதுக்கு சார் காசு?"ன்னு கேட்டாங்க. நான் எக்ரெஸ், பேண்ட்வித்னு என்னென்னமோ சொன்னேன், அவங்க சரி சார்னு தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. புரியலைன்னு முகத்துலயே தெரிஞ்சுது. அந்த வரிக்கு நம்ம மொழியில ஒரு சொல் இருந்திருந்தா, ஒப்பந்தம் போடுறப்பவே அவங்க அதைப் பிடிச்சு என்னைக் கேட்டிருப்பாங்க, அவ்வளவு கெட்டிக்காரங்க.

சரி, "வெளியேற்றம்" ஏன் வேண்டாம்? வெளியேத்துறதுன்னா ஒருத்தர் இன்னொருத்தரையோ ஒரு பொருளையோ தள்ளி வெளிய அனுப்புறது. கூவம் கரையில குடியிருந்தவங்களை வெளியேத்தினாங்க, ஆலைக்கழிவை வெளியேத்துறாங்க, இப்படித்தான் காதுல விழுது. எக்ரெஸ்ல யாரும் யாரையும் தள்ளலை, யாரோ கேட்டாங்க, டேட்டா போச்சு. அதோட, திருட்டுத்தனமா டேட்டாவை வெளிய கொண்டுபோறதுன்னு செக்யூரிட்டி பக்கம் ஒரு விஷயம் இருக்கு, "தரவு வெளியேற்றம்"னு தலைப்பு போட்டா படிக்கிறவங்க அதைத்தான் நினைப்பாங்க.

இந்த இழையில ஐயா ஒருத்தர் எக்ரெஸுக்கு "சுங்கம்" சொல்லியிருந்தார், முதலாம் குலோத்துங்கனுக்கு "சுங்கம் தவிர்த்த சோழன்"னு பேர் இருந்ததையும் எடுத்துக்காட்டினார். படிச்ச உடனே மனசுல ஒட்டிக்கிச்சு, பெருங்குடி டோல்கேட்டை 2021ல எடுக்குற வரைக்கும் தினம் அதைத் தாண்டி வேலைக்குப் போனவன் நான். ஆனா பில்லுல சுங்கம்னு இருந்தா அக்கவுண்ட்ஸ்காரங்க அரசாங்க வரின்னு நினைச்சுடுவாங்க. இன்னொரு சிக்கலும் இருக்கு, எக்ரெஸ்னாலே காசு கிடையாது. நிறைய புரோகிராம்களைச் சேர்த்து நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ்ல நெட்வொர்க் பாலிசிங்கிற விதிகளை எழுதுறவங்களுக்குத் தெரியும், உள்ள வர்ற இன்க்ரெஸ் ஒரு பக்கம் எக்ரெஸ் ஒரு பக்கம், எந்தப் பாட் (புரோகிராம் ஓடுற சின்ன அலகு) யார்கூடப் பேசலாம்ங்கிறதுதான் அங்க விஷயம். எந்த டேட்டாவை உள்ள, வெளிய விடலாம்னு காவல் காக்குற ஃபயர்வால்லயும் அப்படித்தான். அதனால முதல்ல செயலுக்குச் சொல் வேணும், கட்டணத்தை அப்புறம் ஒட்டிக்கலாம்.

நெட்வொர்க் டிராஃபிக்கை நாம ஏற்கனவே போக்குவரத்துன்னுதான் எழுதுறோம், அதைப் பிரிச்சுப் பாருங்களேன். போக்கு, வரத்து. எக்ரெஸும் இன்க்ரெஸும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, நாம புதுசா எதுவும் செய்ய வேண்டியதே இல்லை! வரத்து யாருக்குத் தெரியாது? மழை நாள்ல செம்பரம்பாக்கத்துக்கு நீர்வரத்து இத்தனை கன அடின்னு டிவியில ஓடும், கோயம்பேட்டுல தக்காளி வரத்து குறைஞ்சா அன்னிக்கு சாயங்காலமே தெருக்கடையில விலை ஏறும். ஏரிக்குத் தண்ணி வர்ற வழி வரத்துக் கால்வாய், உபரித் தண்ணி போற வழி போக்குக் கால்வாய். டேட்டாவும் அப்படித்தானே ஓடுது.

ஒரு குறை இருக்கு, அதை மறைக்கலை. போக்குன்னா டிரெண்டுன்னும் அர்த்தம், "தரவுப் போக்கு"ன்னு எழுதினா புள்ளியியல் கட்டுரைன்னு நினைச்சுப்பாங்க. அதனால முன்னாடி ஒரு சொல் சேர்த்து "வெளிப்போக்கு", "உள்வரத்து"ன்னு ஜோடியா வச்சுக்கலாம்ங்கிறது என் முன்மொழிவு.

டேட்டா வெளிய போகுதுன்னா எந்த எல்லைக்கு வெளியன்னு இந்த இழையில அண்ணாநகர் நண்பர் கேட்டது ரொம்ப சரியான கேள்வி. வெளிங்கிறது இடத்துக்கு இடம் மாறுது. மும்பை ரீஜன்லேர்ந்து, அதாவது கிளவுட் கம்பெனி அந்தப் பக்கம் வச்சிருக்கிற டேட்டா சென்டர்கள்லேர்ந்து, இன்டர்நெட்டுக்குப் போனா ஒரு கட்டணம், மும்பைலேர்ந்து ஐதராபாத் ரீஜனுக்குப் போனா வேற. ஒரே ரீஜனுக்குள்ள ஒரு ஸோன்லேர்ந்து (ரீஜனுக்குள்ள தனியா இயங்குற ஒரு பகுதி) பக்கத்து ஸோனுக்குப் போனாலே அமேசான் கிளவுட்ல பொதுவா ஒரு ஜிபிக்கு ஒரு சென்ட், அதுவும் ரெண்டு பக்கமும் தனித்தனியா. ஆனா இன்டர்நெட்லேர்ந்து உள்ள கொண்டுவர்றதுக்குப் பெரிய கிளவுட்ல யாரும் காசு கேக்குறதில்லை. அதனால எழுதும்போது எல்லையையும் சேர்த்துச் சொல்லணும்: இணைய வெளிப்போக்கு, வட்டார வெளிப்போக்கு, மண்டல வெளிப்போக்கு. ரீஜனை வட்டாரம்னும் ஸோனை மண்டலம்னும் வச்சுக்கிட்டா இது சுலபமா உக்காரும்.

அடுத்தது கட்டணம், இங்க ரெண்டு விஷயத்தை நாம ஒண்ணா போட்டுக் குழப்பிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன். தினம் போற டேட்டாவுக்குக் குடுக்குறது ஒண்ணு. மொத்தமா ஒரு கிளவுட்டை விட்டு இன்னொண்ணுக்கு மாறும்போது குடுக்குறது வேற. 2024 ஜனவரியில கூகுள், மார்ச்ல அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் விலகிப் போறவங்களுக்கு இந்த ரெண்டாவதைத் தள்ளுபடி பண்றோம்னு சொன்னாங்க, உடனே எக்ரெஸ் இலவசமாயிடுச்சுன்னு இங்க நிறைய பேர் ஃபார்வர்ட் பண்ணினாங்க. ஆகலையே! தினசரிக் கட்டணம் அப்படியேதான் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தோட டேட்டா ஆக்ட்ங்கிற சட்டம் 2025 செப்டம்பர் 12லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு, 2027 ஜனவரி 12லேர்ந்து மாறுறதுக்கு எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாதுன்னு அதுல இருக்கு. ஆனா ரெண்டு கிளவுட்டை ஒரே நேரத்துல சேர்த்து ஓட்டுறவங்ககிட்ட டேட்டா அனுப்புற அடக்கச் செலவை வாங்கிக்கலாம். மல்டி கிளவுட்னு இப்ப நிறைய கம்பெனி போற வழி இதுதான், அவங்களுக்கு இந்த வித்தியாசம் நேரடியா பணம்.

வாடகை வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாசத்தைப் பிடிச்சுக்கிறாங்கல்ல, அது மாச வாடகையில சேருமா? சேராது. அதே மாதிரி தினசரிக்கு "வெளிப்போக்குக் கட்டணம்", மொத்தமா மாறுறதுக்கு "குடிமாற்றுக் கட்டணம்"னு ரெண்டு சொல்லா வைக்கலாம். குடிமாற்று கொஞ்சம் வீட்டுவாடை அடிக்குதுன்னு தோணுது, இதைவிட நல்லதா யாருக்காவது தோணினா உடனே விட்டுக் குடுக்குறேன். வெளிப்போக்கை மட்டும் விட மனசு வரலை.

நேத்து அந்த அக்கவுண்ட்ஸ் அம்மாகிட்ட ஒரு துண்டுத்தாள்ல "வெளிப்போக்குக் கட்டணம்"னு மட்டும் எழுதிக் காட்டினேன், வேற எதுவும் சொல்லலை. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "டேட்டா வெளிய போறதுக்கா சார்? அப்ப உள்ள வர்றதுக்குக் கிடையாதா?"ன்னு கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கருத்தை எழுதுங்க. குறிப்பா ஃபயர்வால் ஆவணம் மொழிபெயர்க்குற நண்பர்கள் இந்த ஜோடியை ஒரு பக்கத்துல போட்டுப் பாத்துட்டு, எங்க இடிக்குதுன்னு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.