டோரோ பள்ளத்தாக்கில் விடாத மழையும் ஒரு பீப்பாயும்

நவம்பரில் போர்த்துகலின் ஒயின் பிரதேசமான டோரோ பள்ளத்தாக்குக்குப் போகாதீர்கள், மழை பிடித்துக்கொண்டால் விடாது என்று எங்களிடமும் சொன்னார்கள். நானும் அக்காவும் போனது நவம்பரில்தான். காலை முதல் இரவு வரை மழை. ஆனாலும் அந்த போர்த்துகல் பயணத்தில் நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

போர்ட்டோவிலிருந்து பின்யாவோவுக்குக் காலை ரயில், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். போகும்போது வலது பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வழியில் ஆறு வந்து சேர்ந்துகொண்டால் அப்புறம் பிரிவதே இல்லை. கார் எடுக்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அங்கே வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், மூன்று இடத்தில் ஒயின் ருசி பார்த்துவிட்டு அந்த மலை வளைவுகளில், அதுவும் மழையில் ஓட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். பின்யாவோ ஸ்டேஷன் சுவரில் நீல வெள்ளை ஓடுகளால் ஆன 24 படங்கள் இருக்கின்றன, திராட்சை அறுவடை, கூடை சுமப்பவர்கள், பீப்பாய் ஏற்றிய ரபேலோ படகுகள். எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்கு ஒதுங்கி நின்றதால் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

படகுச் சவாரிக்கு முன்பதிவு செய்திருந்தோம், காலையிலேயே ரத்து என்று செய்தி வந்தது. பணம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, நாலைந்து தடவை எழுத வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பதிவு செய்பவர்கள் ரத்து விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள்.

முதல் குயின்டாவில் (தோட்டமும் ஒயின் தயாரிக்கும் இடமும் சேர்ந்த பண்ணையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) எங்களைத் தவிர யாரும் இல்லை. சுற்றிக்காட்ட வந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். குடையைப் பிடித்தபடி எங்களை நேராகக் கொடிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கையாலேயே பிளந்தார், தட்டுத் தட்டாக உரிந்தது. சிஸ்ட் என்ற பாறை. பிறகு மண்ணைக் காட்டினார். அவ்வளவு மழையிலும் தண்ணீர் தேங்கவில்லை, பாறை இடுக்குகளில் நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. "வேரும் இதே வழியாகத்தான் போகிறது, கோடையில் இந்தத் தண்ணீரைத் தேடி" என்றார். வெயில் நாளில் வந்திருந்தால் இதைக் காதால்தான் கேட்டிருப்போம்.

உள்ளே லகார், கருங்கல் தொட்டி. அறுவடைக் காலத்தில் தோளோடு தோள் கோத்து இதில் இறங்கிப் பழங்களை மிதிக்கிறார்கள். காலால் மிதித்தால் விதை உடையாது, கசப்பு இறங்காது. சாறு பொங்கிப் பாதி புளித்து வரும்போதே 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள், அதனால் பழத்தின் இனிப்பு மிஞ்சுகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் போர்ட் ஒயின் இனிப்பது அதனால்தான், சர்க்கரை போட்டதால் இல்லை.

கிடங்குக்குள் போனதும் அந்த அம்மா ஒரு பெரிய மரப் பீப்பாயைத் தட்டி, "பீப்பா, 550 லிட்டர்" என்றார். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "டேய், பீப்பாய்ன்னுதான்டா சொல்றாங்க!" நாங்களும் இதையேதான் சொல்கிறோம் என்று அவரிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. ஜன்னலைக் காட்டினார், ஜன்னல் என்றோம், அவர்களுக்கு ஜனேலா. இடுப்பில் தொங்கிய சாவியை ஆட்டினார், சாவி என்றோம், அவர்களுக்கு ஷாவ். மேசை, மெஸா. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்த சொற்கள், அவை புறப்பட்ட நாட்டிலேயே நின்று அவற்றை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டு எங்களை மறுபடியும் சொல்லச் சொன்னார். அப்புறம் ஒரு நீளக் கண்ணாடிக் குழாயை அந்தப் பீப்பாய்க்குள் விட்டு, இன்னும் பாட்டிலுக்குப் போகாத டானியை (மரப் பீப்பாயிலேயே பல வருடம் முதிர்ந்த போர்ட்) ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். வறுத்த பாதாம் வாசனை, கடைசியில் ஆரஞ்சுத் தோல். அதன் சுவை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது இடம் சுமார்தான், பஸ் கூட்டத்தோடு சேர்த்து அவசரமாக முடித்துவிட்டார்கள். மூன்றாவதில் 20 வருட டானியையும் 40 வருட டானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கு 20தான் பிடித்தது, அதில் பழம் இன்னும் உயிரோடு இருந்தது. ருசி பார்த்துத் துப்புவதற்கு வெட்கப்படாதீர்கள், அதற்குப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். துப்பாமல் குடித்தால் மூன்றாவது இடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

இரவு ஆற்றோரம் ஒரு நல்ல உணவகம், ஆறு வகை விருந்து. நனைந்த ஷூவோடு போனோம், பரிமாறியவர் ஒன்றும் சொல்லாமல் கணப்புக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். கரி மேல் வாட்டிய ஆக்டோபஸ், அடுப்பில் வெந்த சோற்றோடு ஆட்டுக்குட்டிக் கறி. சோறு பிரமாதம், கறியின் கொழுப்பு முழுக்க அதில் இறங்கியிருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி 1977 விண்டேஜ் போர்ட் (அந்த ஒரு வருட அறுவடையில் மட்டும் செய்தது) கேட்டிருந்தார்கள். அவ்வளவு பழைய கார்க் திருகினால் பொடிந்துவிடும். அதனால் ஒரு இரும்பு இடுக்கியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சிக் கொண்டுவந்து, பாட்டில் கழுத்தை இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் இருக்கும். இடுக்கியை எடுத்து, அந்த இடத்தில் ஈரத் துணியை வைத்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம், கழுத்து கார்க்கோடு அப்படியே கழன்று வந்தது. அக்கா எழுந்து நின்றே பார்த்தாள். 1977 அவள் பிறந்த வருடம், அதை நான் அந்தத் தம்பதியிடம் சொன்னேன். அவர்கள் எங்களுக்கும் இரண்டு கிளாஸ் ஊற்றி அனுப்பினார்கள், பாட்டில் கழுத்தைத் துணியில் சுற்றி அக்கா கையில் கொடுத்தார்கள்.

அது இப்போது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. கார்க்கை மோந்து பார்த்தால் லேசாக இன்னும் வாசம் வருகிறது.