சுவாமிமலைச் சிலை வார்ப்புக்குக் காவிரி வண்டல்தான் வேண்டுமா?

கேள்வி:
சுவாமிமலையில் செம்பும் கிடையாது, ஈயமும் கிடையாது. ஐம்பொன் சிலைத் தொழில் அங்கே வேரூன்றியதற்குக் காவிரி வண்டல்தான் காரணம் என்கிறார்கள். முதலில் மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதானே முறை. வேறு ஊர்க் குளத்துக் களிமண்ணை மெழுகின் மேல் பூசினால் காயும்போதே விரிசல் விடுகிறது. மண்ணில் கோளாறா, பூச்சில் கோளாறா?

பதில் 1:
இரண்டிலும் இருக்கலாம். வண்டல் மாவு போல நைசாக இருக்கும். மெழுகில் கீறிய நகம், மணி, ஆடை மடிப்பு வரை உள்ளே போய்ப் படியும். பிசுக்கான களிமண் நீர் வற்றும்போது நிறையச் சுருங்கும், அதுதான் விரிசல். முதல் பூச்சு 3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் போதும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும், மேலே மண் வெடிக்கும். அது முழுக்கக் காய்ந்த பிறகு வயல் மண்ணோடு மணல் கலந்து இரண்டாம் பூச்சு. மூன்றாவதில் மணல் தூக்கல். பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி சுற்றிக் கட்டுவார்கள்.

பதில் 2:
மெழுகையும் பாருங்கள். தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்தது அது. எண்ணெய் கூடினால் கைச்சூட்டிலேயே துவளும், குங்கிலியம் கூடினால் பொடுக்கென்று ஒடியும். மண் பூசுமுன் எடை போட்டுக் குறித்துவையுங்கள். 1 கிலோ மெழுகின் இடத்தை நிரப்ப ஏறக்குறைய 9 கிலோ உலோகம் பிடிக்கும். சேதாரத்துக்கும் சேர்த்து 10 கிலோ உருக்குவது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி ஊற்றினால் ஒட்டாது. மெழுகை வடித்தபின் அச்சில் துளி ஈரம் இருந்தாலும் உலோகம் கொதித்து வெளியே தெறிக்கும். விளையாட்டுக் காரியம் இல்லை.

பதில் 3:
மண் ஒன்றே காரணம் என்பதை ஏற்க முடியாது. வண்டல் டெல்டா முழுக்கத்தான் இருக்கிறது. கும்பகோணத்தைச் சுற்றி இத்தனை கோயில்கள் இருந்ததால் வேலை ஓயவில்லை. பக்கத்துத் தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலோடு தங்கள் முன்னோரைச் சேர்த்துச் சொல்வது சுவாமிமலை ஸ்தபதிகளின் (சிலை வார்ப்பவர்களின்) வழக்கம். இன்னொன்று: ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும், சோழர் படிமங்களில் பெரும்பாலும் செம்போடு வெள்ளீயமும் காரீயமும்தான். இன்று செம்போடு பித்தளை, காரீயம். பொன்னும் வெள்ளியும் பெயருக்கு.

கேட்டவர்:
நன்றி. குளத்து மண்ணில் மணல் கலந்தால் முதல் பூச்சு நிற்குமா?

பதில் 1:
நிற்கும், ஆனால் மணலின் சொரசொரப்பு உலோகத்தில் பதிந்துவிடும்; பிறகு உளிக்கும் அரத்துக்கும்தான் வேலை. மணலுக்குப் பதில் உமிக்கரியை அரைத்துச் சேருங்கள். சுருக்கம் குறையும், காற்று வெளியேறவும் வழி கிடைக்கும். விரலிடையில் தேய்த்தால் குருணை தட்டக்கூடாது, அவ்வளவு நைசாக அரைக்க வேண்டும்.